எட்டும் இரண்டும் எண்பத்திரண்டா?

தம்பி!

எண்பத்திரண்டு, எண்பத்திரண்டு, எண்பத்திரண்டு! கணிப்பொறியின் திரை முழுவதும் எண்பத்திரண்டு! மேலும் கீழும், வலமும் இடமும், எறும்புச் சாரைபோல எண்பத்திரண்டு! நம் படிப்பகத்து மேசை முன்னே உட்கார்ந்திருந்த பையன் முகத்திலே ஈயாடவில்லை. அவன் பின்னே நின்றிருந்தார் அவன் தந்தை. முப்பதாண்டுக் காலம் லேத்து ஓட்டிக் காய்த்துப்போன கையைத் தாடையிலே ஊன்றிக்கொண்டு, "எட்டு மணி நேரம் வேலை, இரண்டு மணி நேரம் ஓவர்டைம். கூட்டினால் எண்பத்திரண்டு மணி நேரமா? முதலாளி மட்டும் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளட்டும், தை பிறப்பதற்குள் மாடி வீடு கட்டிவிடுகிறேன்!" என்றார். கூடியிருந்தோர் கொல்லென்று சிரித்தனர். பையன் சிரிக்கவில்லை.

ஏன் சிரிக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கல்லூரியிலே முதலாண்டு. அந்த வீட்டிலிருந்து அந்த வாசலை மிதித்த முதல் ஆள். பைதான் என்ற கணிப்பொறி மொழியை இரண்டு மாதமாகக் கற்கிறான். கற்றதை வைத்து அப்பாவுக்கு ஒரு கூலிக் கணக்கு நிரல் எழுதித் தரவேண்டுமென்று ஆசை. ஒவ்வொரு சம்பள நாளும் துண்டுக் காகிதத்தில் கூட்டிக் கூட்டிக் குழம்புகிறாரே, அவருக்கு உதவவேண்டுமென்ற ஆசை! எழுதினான், ஓட்டினான், எண்பத்திரண்டு வந்தது. மூத்த மாணவன் ஒருவனிடம் காட்டியிருக்கிறான். அவன் சொன்ன மறுமொழி: "இதுகூடத் தெரியாதா? உனக்கெதற்கு இந்தப் படிப்பு? பேசாமல் உன் அப்பனோடு லேத்துக்குப் போ!"

லேத்துக்குப் போவது இழிவா என்று அவனை நான் கேட்டிருப்பேன், எதிரே இருந்திருந்தால். அது கிடக்கட்டும். அந்த ஒரு சொல் பட்டு, பதினெட்டு வயதுப் பிள்ளை படிப்பையே விட்டுவிடலாமா என்று மூன்று நாள் எண்ணியிருக்கிறான்! கற்றவன் ஒருவன், கற்க வந்தவன் ஒருவனைப் பார்த்து 'இதுகூடத் தெரியாதா' என்று கேட்கிறானே, அந்தக் கேள்விக்கு வயது இன்று நேற்றல்ல. சுவடியைப் பூட்டி வைத்த காலத்திலும் இதே கேள்விதான், திரையைத் தட்டுகின்ற காலத்திலும் இதே கேள்விதான்!

இன்னொரு நண்பன் நல்லவன். கைப்பேசியிலே கேட்டதும் ஒரே ஒரு சொல் அனுப்பினான். "இன்ட் என்று போடு, சரியாகிவிடும்." ஏன், எதற்கு, எந்த இடத்தில், ஒன்றுமில்லை. பையன் போட்டான். கூட்டி முடித்த பிறகு போட்டான். எண்பத்திரண்டுகளின் ஊர்வலம் நின்றது. அதற்குப் பதிலாகத் திரையிலே தோன்றிற்று: 7,380 ரூபாய்! மணிக்குத் தொண்ணூறு ரூபாய் வீதம் ஒரு நாள் கூலி ஏழாயிரத்து முந்நூற்று எண்பது! முன்பாவது தவறு என்பது பார்த்தவுடன் தெரிந்தது. இப்போது தவறு, வேட்டி சட்டை உடுத்திக்கொண்டு விடைபோல வந்து நிற்கிறது. ஒருவன் அடித்து விரட்டினான், ஒருவன் அள்ளிக் கொடுத்தான். இருவரும் சேர்ந்து பையனைப் புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

மூன்றாவதாக வந்தாள் நம் தெருப் பெண். சிறு மென்பொருள் நிறுவனம் ஒன்றிலே வேலை பார்க்கிறாள், மாலையிலே ஏடு படிக்கப் படிப்பகத்துக்கு வருவாள். பையன் எழுந்து இடம் கொடுத்தான், "அக்கா, நீங்களே சரிசெய்து தாருங்கள்" என்றான். அவள் உட்காரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். முதல் கேள்வி: "என்ன வரும் என்று நினைத்தாய்?" பத்து என்றான். "என்ன வந்தது?" எண்பத்திரண்டு என்றான். "எந்த வரி வரைக்கும் சரியாக இருந்தது, எந்த வரியில் கெட்டது?" தெரியவில்லை என்றான். "அப்படியானால் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் கையிலே என்ன இருக்கிறது என்று பொறியையே கேள்" என்றாள். கேட்டான். எட்டு என்றது. சரிதானே! "எட்டு என்று நீ நினைக்கிறாய், அது எட்டை என்னவென்று நினைக்கிறது? அதன் இனத்தைக் கேள்" என்றாள். கேட்டான். பொறி சொல்லிற்று, அது எண்ணே அல்லவாம். எழுத்துச் சரமாம்!

தோழா, கணிப்பொறி கற்காத உனக்கும் எனக்கும் இது விளங்கவேண்டும். விசைப்பலகையில் நீ எதைத் தட்டினாலும் பைதான் அதை எழுத்தாகவே வாங்கிக்கொள்ளும். பேருந்தின் முகப்பிலே பதினேழு என்று எழுதியிருக்கிறது, அது தடத்துக்கு ஒரு பெயர். பதினேழையும் ஐந்தையும் கூட்டினால் இருபத்திரண்டாம் தடம் வருமா? அதுபோலத்தான். எழுத்தென்று கொண்டுவிட்டால் கூட்டல் குறிக்கு அங்கே பொருள் வேறு: ஒன்றையடுத்து ஒன்றைக் கோத்து வை! எட்டையும் இரண்டையும் கோத்தால் எண்பத்திரண்டு. எழுத்துச் சரத்தைத் தொண்ணூறால் பெருக்கு என்றாலோ, தொண்ணூறு முறை திரும்பத் திரும்ப எழுது என்று பொருள். அதனால்தான் திரையிலே எறும்புச் சாரை! பொறி பிழை செய்யவில்லை. சொன்னதைச் செய்திருக்கிறது, சொல்ல நினைத்ததைச் செய்யவில்லை. கோத்த பிறகு எண்ணாக்கினால் எண்பத்திரண்டு என்ற எண்தானே கிடைக்கும்? அதைத் தொண்ணூறால் பெருக்கியதுதான் அந்த ஏழாயிரத்துச் சொச்சம். வாங்கும்போதே, ஒவ்வொன்றையும் தனித்தனியே எண்ணாக்க வேண்டும். இதை அந்தப் பெண் சொல்லவில்லை, தம்பி! பையனே சொன்னான். "அக்கா, வாங்குகிற இடத்திலேயே மாற்றவேண்டும்!" என்று துள்ளினான். மாற்றினான், ஓட்டினான். தொள்ளாயிரம்!

கைதட்டல். தேநீர்க் கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். ஆனால் லேத்துக்காரர் மட்டும் தலையை ஆட்டினார். "தொள்ளாயிரமா? தப்பு!" என்றார்.

எல்லோரும் திகைத்தோம். "எட்டு மணி நேரத்துக்குத்தான் தொண்ணூறு. ஓவர்டைமுக்கு இரட்டிப்பு. எழுநூற்று இருபதும் முந்நூற்று அறுபதும், ஆயிரத்து எண்பது! கணிப்பொறி என் நூற்று எண்பது ரூபாயை விழுங்கிவிட்டதே!" என்றார்.

எப்படி? மென்பொருள் நிறுவனத்துப் பெண்ணுக்குத் தெரியாத பிழை, பள்ளிப் படிப்பைத் தாண்டாத தொழிலாளிக்குத் தெரிந்தது! பைதானின் இலக்கணப்படி அந்த நிரலிலே இப்போது ஒரு குற்றமும் இல்லை. கூலியின் இலக்கணப்படி குற்றம் இருந்தது. அந்தப் பெண் வெட்கப்படவில்லை. "அண்ணே, இது எனக்குத் தெரியாது, நல்லவேளை சொன்னீர்கள்" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டபோது பையனின் முகம் இருந்த இருப்பை நான் வருணிக்கப் போவதில்லை. அப்பாவைப் பார்த்தான், அவ்வளவுதான் சொல்வேன்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பள்ளியிறுதியோடு படிப்பை நிறுத்தியவன் நான். நிரல் எழுதுவோர் உலகம் நமக்கெட்டாத உலகம் என்று எண்ணியிருந்தவன். தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, பிழை செய்வதும், பிழையைப் பிறர் காட்டித் திருத்துவதும், அந்தத் தொழில் தோன்றிய நாள்முதல் அதன் உயிர்மூச்சாக இருந்திருக்கிறது என்று தெரிந்தது.

இங்கிலாந்திலே கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகம். 1949-ஆம் ஆண்டு எட்சாக் என்ற கணிப்பொறியை உருவாக்கி ஓடவிட்டவர் மாரிஸ் வில்க்ஸ். பொறியைப் படைத்தவரே அதற்குச் சற்றுப் பெரிய நிரல் ஒன்றை எழுதினார். பிழை! திருத்தினார். மீண்டும் பிழை! ஒருநாள் மாடிப்படி ஏறுகையிலே அவருக்குச் சுரீரென்று உறைத்ததாம்: எஞ்சிய வாழ்நாளில் நல்லதொரு பகுதி, தான் எழுதிய நிரல்களில் தானே செய்த பிழைகளைத் தேடுவதிலேயே கழியப் போகிறது என்று! தன் வரலாற்றிலே அவரே எழுதிவைத்திருக்கிறார். பொறியைப் படைத்தவருக்கே அந்தக் கதி என்றால், இரண்டு மாதம் படித்த பையனைப் பார்த்து 'இதுகூடத் தெரியாதா' என்பவன் யார்? வில்க்ஸ் அதோடு நிற்கவுமில்லை. வீலர், கில் என்ற இரு தோழர்களோடு சேர்ந்து, ஒருமுறை சரிபார்த்த துணை நிரல்களை யெல்லாம் நூலகம்போல அடுக்கிவைத்து, மற்றவர் எடுத்தாளும்படி 1951-இல் நூலாகவே வெளியிட்டார். நான் இடறிய கல்லிலே நீயும் இடறாதே என்பதுதானே அதற்குப் பொருள்?

அதற்கும் முன்னே அமெரிக்காவில் எனியாக். ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் கொண்ட பூதம்! பீரங்கிக் குண்டு பறக்கும் பாதையைக் கணக்கிட அதைப் பழக்குவதற்கு 1945-இல் பெண்கள் அறுவரைத் தேர்ந்தெடுத்தனர். கற்பிக்க ஆசிரியர் இல்லை. கைநூல் இல்லை. கையிலே கொடுத்தது பொறியின் வரைபடங்கள் மட்டுமே. ஒருவருக்கொருவர் ஆசிரியரானார்கள், ஒருவருக்கொருவர் மாணவரானார்கள். 1946 பிப்ரவரியில் பொறியை உலகுக்குக் காட்டும் நாள் நெருங்கிற்று. பெட்டி ஸ்னைடர், பெட்டி ஜென்னிங்ஸ் என்ற இருவர் இணைந்து எழுதிய நிரலிலே ஒரு பிழை. குண்டு தரையைத் தொட்ட பிறகும் கணக்கு நிற்கவில்லை, மண்ணுக்குள்ளும் குண்டு பாய்ந்துகொண்டே போகிறது! இரவெல்லாம் தேடியும் அகப்படவில்லை. உறக்கத்திலே விடை கண்டார் ஸ்னைடர், விடிந்ததும் ஓடிவந்து ஒரு விசையை மாற்றினார், நின்றது கணக்கு. விழா நடந்தது, வியந்தது உலகம், அன்றிரவு விருந்தும் நடந்தது. அந்த அறுவருக்கு அழைப்பில்லை! பெண்கள்தானே, பொறிக்கு அருகே அழகுக்கு நிற்பவர்கள் என்று பலர் பல்லாண்டு நினைத்திருந்தார்கள். 1997-இல்தான் அவர்களைத் தேடிப் பிடித்துச் சிறப்பித்தார்கள். உழைத்தவனுக்கு விருந்திலே இலை போடாத பழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு போலும்.

ஆனால் தம்பி, என் உள்ளத்தைக் கவர்ந்தது இன்னொரு செய்தி. ஜெரால்டு வெயின்பர்க் என்பவர் 1971-இல் நிரலாளர் உளவியல் பற்றி ஒரு நூல் எழுதினார். அதிலே வருகிறது.

பெரிய பல்கலைக் கழகம் ஒன்றின் கணிப்பொறி நிலையம். அந்நாளில் நிரலை அட்டையிலே துளையிட்டுக் கொடுத்துவிட்டு, விடை வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் கூடத்திலே, காசு போட்டால் காப்பியும் தின்பண்டமும் தரும் பொறிகள் சில. மாணவர்கள் அதைச் சுற்றிக் கூடுவார்கள், குடிப்பார்கள், அரட்டையடிப்பார்கள். பக்கத்திலே ஆலோசகர் மேசை. ஐயம் கேட்போர்க்கு விடை சொல்லச் சம்பளம் பெறும் அறிஞர்கள் இருவர் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். அரட்டைச் சத்தம் பொறுக்க முடியவில்லை என்று மேலாளருக்கு முறையீடு போயிற்று. மேலாளர் வந்தார், பார்த்தார், "அகற்றுங்கள் இந்தக் காப்பிப் பொறிகளை!" என்றார். அகற்றினார்கள். அமைதி! மயான அமைதி!

ஒரு வாரம் ஆகவில்லை. மீண்டும் முறையீடு. இம்முறை வேறு முறையீடு: ஆலோசகர் போதவில்லை! மேசைக்கு முன்னே வரிசை நீண்டு நெளிகிறது! இதுவரை இருவரே போதுமென்றிருந்த இடத்தில் ஏன் இந்தத் திடீர்க் கூட்டம்? ஆராய்ந்தார்கள். உண்மை வெளிப்பட்டது. அரட்டை என்று இவர்கள் நினைத்தார்களே, அது அரட்டையல்ல! "என் நிரல் இங்கே நின்றுவிடுகிறது" என்பான் ஒருவன், "எனக்கும் நேற்று அப்படித்தான், இதைப் பார்" என்பான் அடுத்தவன். காப்பிக் கோப்பையைக் கையிலே வைத்துக்கொண்டு, ஐயங்களிலே பெரும்பாலானவற்றை மாணவர்களே தமக்குள் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். சம்பளம் இல்லை, மேசை இல்லை, பெயர்ப் பலகையும் இல்லை. காப்பிப் பொறியை அகற்றிய அதிகாரி, அறியாமலே ஒரு பள்ளிக்கூடத்தை இடித்துவிட்டார்!

இதைப் படித்தபோது எனக்கு நம் படிப்பகத்து வாசல் பெஞ்சும், ஆலை வாயிலிலே ஷிப்டு மாறும் நேரத்துத் தேநீர்க் கடையும் கண்முன்னே வந்தன. புதிதாக வந்த ஆளுக்கு எந்தத் தறி எப்படி முரண்டு பிடிக்கும் என்று சொல்லிக்கொடுப்பது மேலாளரா? பக்கத்துத் தறிக்காரர்தானே!

உதவுவோருக்குச் சில சொல்வேன். பெரிய தத்துவமல்ல, அந்தப் பெண் செய்ததைப் பார்த்துக் கற்றது.

"வேலை செய்யவில்லை" என்று வருவான் புதியவன். மருத்துவரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்றால் போதுமா? எங்கே வலி, எப்போது தொடங்கிற்று, என்ன சாப்பிட்டாய்? அவனுக்கு அதைச் சொல்லத் தெரியாது. சொல்லத் தெரியாததுதான் அவன் நோய்! ஆகையால் கேட்டுக் கேட்டு வாங்கவேண்டும். பொறி காட்டிய பிழைச் செய்தியைப் பாதியாகச் சொல்வான், சிவப்பு எழுத்தைக் கண்டதுமே கண்ணை மூடிக்கொள்வான். முழுதும் படிக்கச் சொல். பைதானில் அந்த நீண்ட புலம்பலின் கடைசி வரியிலேதான் என்ன பிழை என்பது இருக்கும். சி மொழியிலோ தலைகீழ்: பிழைகள் நாற்பது காட்டினால், முதலாவதைத் திருத்து, மற்றவற்றிலே பாதி தாமே மறைந்துபோகும். ஒரு வரியின் இறுதியிலே அரைப்புள்ளி விட்டுப்போனால் அடுத்த வரியிலே குற்றம் என்று கைகாட்டும் அந்த மொழியின் கம்பைலர். திருடன் ஒரு வீட்டிலிருக்க, காவலர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல!

நீண்ட நிரலா? ஆயிரம் வரியா? அஞ்சாதே. மின்கம்பி இணைப்பிலே எங்கோ அறுந்திருக்கிறது என்றால் நம் எலக்ட்ரீஷியன் தோழர் முதல் கம்பத்திலிருந்து ஒவ்வொன்றாகவா ஏறுவார்? நடுவிலே சோதிப்பார். அதுவரை மின்சாரம் வந்தால் குற்றம் பின்பாதியில். அதையும் பாதியாக்குவார். இப்படிப் பத்து முறை பாதியாக்கினால் ஆயிரத்திலே ஒன்று அகப்பட்டுவிடும்.

இன்னொன்று. கேட்பவன் கேட்பது ஒன்று, அவனுக்குத் தேவை வேறொன்றாக இருக்கும். "கோப்புப் பெயரின் கடைசி மூன்று எழுத்தை எப்படி எடுப்பது?" என்பான். எடுக்கும் வழியைச் சொல்லிவிட்டு எழுந்து போகாதே. "எதற்கு?" என்று கேள். படக் கோப்பா, எழுத்துக் கோப்பா என்று அறிவதற்கு என்பான். ஜேபிஜி என்று மூன்றெழுத்தில் முடிவதும் உண்டு, ஜேபிஇஜி என்று நான்கெழுத்தில் முடிவதும் உண்டே! புள்ளிக்குப் பின்னுள்ளதை எடு என்பதல்லவா அவனுக்கு வேண்டிய விடை.

ஆளே கிடைக்கவில்லை என்றால்? கரடி பொம்மையிடம் சொல்! நகைக்காதே தம்பி. கெர்னிகன், பைக் என்ற இரு பெரும் நிரலாளர்கள் 1999-இல் எழுதிய நூலிலே இருக்கிறது. ஒரு பல்கலைக் கழகத்து உதவி மேசையருகே கரடி பொம்மை ஒன்றை வைத்திருந்தார்களாம். மனிதரிடம் கேட்குமுன் மாணவன் தன் சிக்கலை அந்தக் கரடிக்கு விளக்கிச் சொல்லவேண்டும் என்பது விதியாம். முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வரும்போதே, "அட, இதல்லவா தவறு!" என்று பலருக்குத் தாமே தெரிந்துவிடும். கரடி ஒன்றும் சொல்லவில்லை, கேட்டது. 'இதுகூடத் தெரியாதா' என்று அது கேட்காததே பெரிய உதவி!

கணிப்பொறியாளர் ஐயம் கேட்கவும் விடை சொல்லவுமென்று 2008-இல் ஸ்டாக் ஓவர்ப்ளோ என்ற இணையக் களம் தொடங்கிற்று. ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி என்ற இருவர் தொடங்கியது. உலக முழுவதற்கும் ஒரே காப்பிப் பொறி! கோடிக்கணக்கான கேள்விகள், கூலி வாங்காத ஆசிரியர்கள். அந்தப் பணியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். இன்றும் ஒரு சிக்கலைத் தேடினால் என்றோ ஒரு முகமறியாத தோழன் அங்கே எழுதிவைத்த விடை கைகொடுக்கிறது. ஆனால் அங்கேயும் அந்தப் பழைய கேள்வி புகுந்துவிட்டது. புதியவன் தப்பும் தவறுமாகக் கேட்டால் அடித்து மூடுவது, ஏளனம் செய்வது! 2018-இல் அந்த நிறுவனமே வாய்விட்டு ஒப்புக்கொண்டது: புதியவர்களுக்கும், பெண்களுக்கும், நிறத்தால் ஒதுக்கப்பட்டோர்க்கும் எங்கள் வாசல் இனிய வாசலாக இல்லை, மாறவேண்டும் என்று.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. கேட்டால் நொடியில் நிரலை எழுதித் தரும் செயற்கை அறிவு. அடுத்த மாதமே, அது எழுதிய விடைகளை எங்கள் களத்திலே பதியாதீர் என்று தடை போட்டது ஸ்டாக் ஓவர்ப்ளோ. ஏனெனில் அது சரியான விடையைச் சொல்லும் அதே குரலிலேயே தவறான விடையையும் சொல்லிற்று. நம் பையனின் 7,380 ரூபாய்போல, வேட்டி சட்டை உடுத்திய தவறு! அதற்குப் பின் அந்தப் பொறிகள் வெகுவாகத் தேறிவிட்டன, உண்மை. நள்ளிரவிலே கேட்டாலும் சலிக்காது, நூறு முறை கேட்டாலும் சீறாது. அதைப் பார்த்தாவது அந்த மூத்த மாணவர்கள் வெட்கப்படவேண்டும். ஆனாலும் ஓவர்டைமுக்கு இரட்டிப்பு என்று நீ சொல்லாவிட்டால், அதுவும் மிகுந்த பணிவோடு தொள்ளாயிரம் என்று சொல்லிவிடக் கூடும். நூற்று எண்பது ரூபாய் எங்கே என்று கேட்க ஒரு லேத்துக்காரர் அருகிலே இருக்கவேண்டும். விடையைச் சரிபார்க்கத் தெரிந்தவனுக்கே அந்தப் பொறி வேலைக்காரன், தெரியாதவனுக்கு அது எசமானன். என் எண்ணம் அது, மறுப்போர் மறுக்கலாம்.

சரி, பையன் என்ன ஆனான்? படிப்பை விடவில்லை. ஞாயிறு மாலைகளிலே படிப்பகத்தில் அவனைப் பார்க்கிறேன். சென்ற வாரம் பன்னிரண்டாம் வகுப்புப் பெண்ணொருத்தி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவனிடம் வந்தாள். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே இருக்கும் சொற்கள் உண்டல்லவா, மாலைமாற்று என்பார்கள். ஒரு சொல் அப்படிப்பட்டதா என்று கண்டுபிடிக்க நிரல் எழுதியிருக்கிறாள். "அண்ணா, விகடகவியைப் போட்டேன். இல்லை என்கிறது! விகடகவியே மாலைமாற்று இல்லையென்றால் வேறு எது?" என்றாள், அழாத குறையாக.

அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டதைப் பார்த்தேன், தம்பி!

"எந்தச் சொல்லுக்காவது ஆம் என்றதா?" என்று கேட்டான். கனக, கடக இரண்டுக்கும் ஆம் என்றதாம். "இல்லை என்றவை?" விகடகவி, பாப்பா, தேருவருதே. "இரண்டு கூட்டத்துக்கும் என்ன வேறுபாடு?" நெடுநேரம் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "ஆம் என்றவற்றிலே கொம்பு இல்லை, கால் இல்லை, புள்ளியும் இல்லை." "அப்படியானால் விகடகவியை ஒவ்வொன்றாக அச்சிட்டுப் பார்" என்றான். பார்த்தாள். ஐந்து எழுத்து என்று நாம் எண்ணும் சொல், அங்கே ஏழு துண்டாகக் கிடந்தது! வ தனியே, அதன் கொக்கி தனியே. யூனிகோடு முறையிலே தமிழ் எழுத்து இருநூற்று நாற்பத்தேழுக்கும் தனித்தனி இடம் இல்லை. அகரமேறிய மெய்க்கு ஓரிடம், கொம்புக்கும் காலுக்கும் புள்ளிக்கும் வேறிடம், சேர்த்துக் காட்டுவது திரையின் வேலை. திருப்பிப் போட்டால் கொக்கி முன்னே வந்து நிற்கிறது, வ பின்னே போய்விடுகிறது. பிறகெப்படி இரண்டும் ஒன்றாகும்?

"துண்டைத் திருப்பக்கூடாது, எழுத்தாகச் சேர்த்துக்கொண்டு திருப்பவேண்டும்" என்றாள் அவள். "எப்படிச் சேர்ப்பாய்?" என்றான் அவன். குறியைக் கண்டால் முந்தைய எழுத்தோடு ஒட்டிவிடு என்று அவளே எழுதினாள். இரண்டு முறை பிழை வந்தது, இரண்டையும் அவளே படித்தாள். மூன்றாம் முறை விகடகவிக்கு ஆம் என்றது பொறி. பாப்பாவுக்கும் ஆம், தேருவருதேவுக்கும் ஆம்.

மூலையிலே தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த லேத்துக்காரர் குரல் கொடுத்தார்: "மோருபோருமோ, அதைப் போட்டுப் பாரம்மா!"

போட்டாள்.